நான்-யூஎஸ் என்றொரு வரி: ஆர்எஸ்ஏ பேட்டன்ட்டும் அமெரிக்க ஏற்றுமதிச் சட்டமும்

பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டெபியன் லினக்ஸ் போட்டிருந்த டிஸ்க். மென்பொருட்களை எந்தெந்த சர்வரிலிருந்து இறக்க வேண்டும் என்று சொல்கிற கோப்பு ஒன்று டெபியனில் உண்டு. அதில் ஐந்தாறு வரிகள். ஒரு வரியில் மட்டும் 'நான்-யூஎஸ்' என்று இருந்தது. அதாவது, அமெரிக்கா அல்லாதது.

அந்த வரியை நான்தான் தட்டியிருக்கிறேன். எங்கேயோ படித்ததை அப்படியே போட்டிருப்பேன். அது இல்லாவிட்டால் எஸ்எஸ்ஹெச் இறங்காது, அவ்வளவுதான் அப்போது தெரியும். ஒரு மென்பொருள் தொகுப்பில் எதற்கு ஒரு நாட்டின் பெயர்? இப்போதுதான் உட்கார்ந்து தேடினேன்.

டெபியன்காரர்கள் சில பேக்கேஜ்களை மட்டும் பிரித்து நெதர்லாந்தில் ஒரு சர்வரில் வைத்திருந்தார்கள். காரணம் இரண்டு. மறையாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளியே அனுப்பக்கூடாது என்றது ஏற்றுமதிச் சட்டம். அதே மென்பொருளில் சிலவற்றை அமெரிக்காவுக்கு உள்ளே அனுமதியின்றிப் பயன்படுத்தக்கூடாது என்றது பேட்டன்ட் சட்டம். ஒன்று வெளியே போகாதே என்கிறது, இன்னொன்று உள்ளே வராதே என்கிறது. இரண்டையும் ஒரே புரோகிராம் மேல் வைத்தால் என்ன ஆகும்? உலகத்தில் எல்லாருக்கும் சட்டப்படி கொடுக்கக்கூடிய ஒரே பிரதி என்று எதுவும் இருக்காது. 1990-களில் நடந்தது அதுதான்.

பத்திரிகையில் வந்த கணக்கு

1976-இல் விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி. பூட்டும் சாவியை ஊருக்கே கொடுத்துவிடலாம், திறக்கும் சாவி நம்மிடம் மட்டும். முன்பின் தெரியாத இருவர் ரகசியம் பேச இதுதான் வழி. அடுத்த வருடமே எம்ஐடியில் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் இதை நடைமுறையில் செய்துகாட்டினார்கள். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது சுலபம், பெருக்குத் தொகையைப் பார்த்து அந்த இரண்டையும் கண்டுபிடிப்பது கஷ்டம். இந்த ஒரு கஷ்டத்தின் மேல் நிற்பதுதான் ஆர்எஸ்ஏ.

இதில் ஒரு சுவாரசியமான தேதிக் கணக்கு இருக்கிறது. 1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தன்னுடைய சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்தியில் இந்த முறையை எழுதிவிட்டார். எம்ஐடி பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தது அதே வருடம் டிசம்பரில். அமெரிக்கச் சட்டம், கண்டுபிடிப்பை வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் தந்தது. பெரும்பாலான மற்ற நாடுகளில் அந்தச் சலுகை கிடையாது. வெளியே வந்துவிட்டதா, அப்போ அது புதிது இல்லை, பேட்டன்ட் இல்லை. ஆக, 4,405,829 என்ற எண்ணுள்ள அந்த பேட்டன்ட் 1983 செப்டம்பர் 20 அன்று அமெரிக்காவில் மட்டும் கிடைத்தது. 17 வருடம் செல்லும்.

(ஒரு கிளைக்கதை: பிரிட்டிஷ் உளவு நிறுவனமான ஜிசிஹெச்க்யூவில் கிளிஃபோர்ட் காக்ஸ் என்பவர் 1973-லேயே இதே கணக்கைப் போட்டுவிட்டார். ரகசியம் என்பதால் 1997 வரை வெளியே தெரியாது. முதலில் கண்டுபிடித்தவருக்குப் பெயரும் இல்லை, பேட்டன்ட்டும் இல்லை.)

பீரங்கியோடு ஒரே பட்டியலில்

இன்னொரு சட்டம் ஐடார். ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துகிற விதிமுறை. அதன் போர்த்தளவாடப் பட்டியலில் பீரங்கி, ஏவுகணையோடு மறையாக்கக் கருவிகளும் மறையாக்க மென்பொருளும் இருந்தன. உலகப் போர்களில் எதிரியின் சங்கேதத்தை உடைத்தவர்களுக்கு அது நியாயமாகவே தோன்றியிருக்கும். அப்போதெல்லாம் சங்கேத இயந்திரம் வைத்திருந்தது ராணுவமும் தூதரகமும்தானே. வீட்டு மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரே சங்கேத இயந்திரமாகிவிடும் என்று அந்தப் பட்டியலைப் போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். மீறினால் 10 வருடம் வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம்.

இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவில் போய் நின்றவர் ஃபில் ஜிம்மர்மன். கொலராடோவில் இருந்த புரோகிராமர். 1991-இல் அமெரிக்க செனட்டில் ஒரு மசோதா வந்தது. தகவல் தொடர்புச் சாதனங்களை உருவாக்குபவர்கள், சட்டப்படி அனுமதி பெற்ற அரசாங்கம் உள்ளடக்கத்தைப் படிக்கும்படி வழி வைக்க வேண்டும் என்று அதில் ஒரு வாசகம். மசோதா சட்டமாகவில்லை. ஆனால் அதற்கு முன்பே ஜிம்மர்மன் அவசர அவசரமாகத் தன் புரோகிராமை முடித்து இலவசமாக விட்டுவிட்டார். பெயர் பிஜிபி. சாதாரண ஆட்கள் தங்கள் மின்னஞ்சலைப் பூட்ட ஒரு கருவி. நண்பர்கள் அதை யூஸ்நெட்டிலும் புல்லட்டின் போர்டுகளிலும் ஏற்றினார்கள். சில நாட்களில் கடல் தாண்டிவிட்டது.

பிஜிபிக்குள் ஆர்எஸ்ஏ இருந்தது, லைசென்ஸ் இல்லை. பேட்டன்ட்டின் உரிமத்தை வைத்திருந்த ஆர்எஸ்ஏ டேட்டா செக்யூரிட்டி நிறுவனம் இது அத்துமீறல் என்றது. இன்னொரு பக்கம், 1993-இல் ஏற்றுமதிச் சட்ட மீறல் என்று சுங்கத்துறை விசாரணையைத் தொடங்கியது. அவர் யாருக்கும் எதையும் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை. ஆனால் இணையத்தில் வைப்பதும் ஏற்றுமதியா என்ற கேள்விக்கு அப்போது யாரிடமும் தெளிவான பதில் இல்லை. மூன்று வருடம் அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கியது. 1996 ஜனவரியில், குற்றப்பத்திரிகை எதுவும் இல்லாமல், காரணமும் சொல்லாமல், விசாரணையை முடித்துக்கொண்டார்கள்.

ஒரே புரோகிராம், இரண்டு ரேஷன் கார்டு

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, விநியோகித்தவர்கள் பட்ட பாடு.

1994-இல் பேட்டன்ட் பக்கம் ஒரு சமரசம் வந்தது. ஆர்எஸ்ஏ நிறுவனம் ஆர்எஸ்ஏரெஃப் என்று ஒரு லைப்ரரி வைத்திருந்தது. வணிக நோக்கம் இல்லாதவர்களுக்கு இலவசம். அதைப் பயன்படுத்தி பிஜிபி 2.6-ஐ எம்ஐடியே வெளியிட்டது. இறக்குவதற்கு முன் கேள்விகள் வரும்: அமெரிக்கா அல்லது கனடாவில் இருக்கிறீர்களா? ஏற்றுமதி செய்ய மாட்டீர்களா? லைசென்ஸை ஒப்புக்கொள்கிறீர்களா? எல்லாவற்றுக்கும் ஆமாம் சொன்னால் கதவு திறக்கும். அத்துமீறலாகக் கருதப்பட்ட பழைய பதிப்புகளிலிருந்து ஆட்களை நகர்த்துவதற்காக ஒரு வேலையும் செய்தார்கள். 1994 செப்டம்பர் 1-க்குப் பிறகு 2.6-இல் பூட்டும் செய்தியைப் பழைய பதிப்பால் படிக்க முடியாது. தொழில்நுட்பக் காரணம் ஒன்றும் கிடையாது. லைசென்ஸ் காரணத்துக்காகவே வேண்டுமென்று உடைத்த இணக்கம்.

அமெரிக்காவுக்கு வெளியே இருப்பவர்கள்? அவர்களுக்காக நார்வேயிலிருந்து ஒரு சர்வதேசப் பதிப்பு வந்தது. அதில் ஆர்எஸ்ஏரெஃப்பை எடுத்துவிட்டு ஜிம்மர்மன் முதலில் எழுதிய கணித ரொட்டீன்களைத் திரும்பப் போட்டிருந்தார்கள். அவை வேகமும் அதிகம். கட்டம் போட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

- அமெரிக்காவில் இருந்துகொண்டு எம்ஐடி பதிப்பு: சரி, வணிகத்துக்கு இல்லை என்றால்.
- அமெரிக்காவில் இருந்துகொண்டு சர்வதேசப் பதிப்பு: பேட்டன்ட் மீறல்.
- வெளிநாட்டுக்கு எம்ஐடி பதிப்பை அனுப்புதல்: ஆயுத ஏற்றுமதி.
- வெளிநாட்டில் சர்வதேசப் பதிப்பு: சரி.

இரண்டும் எழுதிக் கொடுக்கிற செய்தி ஒன்றேதான். ஒன்று பூட்டியதை இன்னொன்று திறக்கும். நாற்காலி எந்த நாட்டில் கிடக்கிறது என்பதை வைத்து மட்டும் ஒன்று குற்றம், இன்னொன்று குற்றமில்லை. இதற்கு மேல் ஐடியா என்ற சைஃபர் வேறு. பிஜிபி 2.0 முதல் செய்தியின் உடலைப் பூட்டியது அதுதான். அது சுவிட்சர்லாந்தின் ஆஸ்காம் நிறுவனத்தின் பேட்டன்ட், ஐரோப்பாவிலும் செல்லும். ஆக, 'வெளிநாட்டில் சரி' என்பதிலும் வணிகமாக இருந்தால் சரியில்லை.

சுதந்திர மென்பொருள்காரர்களுக்கு இது இன்னும் சிக்கல். ஜிபிஎல் லைசென்ஸின் இரண்டாம் பதிப்பில் ஒரு நிபந்தனை உண்டு: பேட்டன்ட் போன்ற காரணத்தால் வாங்குபவருக்கு எல்லா உரிமையையும் தர முடியவில்லை என்றால், நீ விநியோகிக்கவே கூடாது. பாதி உரிமையோடு கொடுப்பது என்ற பேச்சே இல்லை. வணிகத்துக்குக் கூடாது என்கிற ஆர்எஸ்ஏரெஃப்பை அதனால் ஜிபிஎல் மென்பொருளோடு சேர்க்க முடியாது. டெபியன் சிடிக்களில்கூட முதல் சிடி இரண்டு விதமாக வந்தது, நான்-யூஎஸ் சரக்கோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.

காகிதத்தில் பேச்சு, டிஸ்கில் ஆயுதம்

ஏற்றுமதிச் சட்டத்தில் ஒரு ஓட்டை இருந்தது. ஃபில் கார்ன் என்ற பொறியாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். புரூஸ் ஷ்னையரின் அப்ளைடு கிரிப்டோகிராஃபி புத்தகத்தில் சோர்ஸ் கோட் அச்சாகியிருந்தது. 1994-இல் இவர் அரசிடம் கேட்டார்: இந்தப் புத்தகத்தை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா? தாராளமாக. அதே கோட் இருக்கும் ஃபிளாப்பியை? கூடாது, அது போர்த்தளவாடம். எழுத்துக்கு எழுத்து ஒரே சரக்கு!

இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிஜிபியின் முழு சோர்ஸ் கோடையும் 1995-இல் எம்ஐடி பிரஸ் புத்தகமாகப் போட்டது. ஸ்கேன் செய்து திரும்ப எழுத்தாக்க வசதியான எழுத்துரு. 1997-இல் பிஜிபி 5.0 வந்தபோது சோர்ஸ் கோட் பல தொகுதிகளாக, ஆயிரக்கணக்கான பக்கங்களாக அச்சாகி, சட்டப்படி ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, திரும்பக் கம்பைல் செய்தார்கள். ஸ்கேனர் தப்பாகப் படித்தால் கண்டுபிடிக்க ஒவ்வொரு வரியிலும் சரிபார்ப்பு எண் அச்சிட்டிருந்தது. ஒரு நொடியில் போகக்கூடிய கோப்பு காகிதமாகிக் கடல் கடந்து, பல பேர் உழைப்பில் மறுபடி கோப்பானது. ஆடம் பேக் என்பவர் ஆர்எஸ்ஏவை மூன்றே வரி பெர்ல் புரோகிராமாகச் சுருக்க, அதை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு.

சிரிப்புக்கு நடுவே ஒரு வழக்கும் நடந்தது. டேனியல் பெர்ன்ஸ்டைன், பெர்க்லியில் ஆராய்ச்சி மாணவர். தான் எழுதிய மறையாக்க நிரலை வெளியிட விரும்பினார். அதற்கு ஆயுத வியாபாரியாகப் பதிவு செய்து லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றது அரசு. 1995-இல் வழக்குப் போட்டார். 1996-இல் நீதிபதி மர்லின் பட்டேல், சோர்ஸ் கோடும் பேச்சுதான், அரசியல் சட்டத்தின் பேச்சுரிமைக்குள் வரும் என்றார். 1999-இல் மேல்முறையீட்டு அமர்வும் அவர் பக்கமே நின்றது.

வேறு ஊரில் எழுதினால் போச்சு

வழக்கு நடத்த முடியாதவர்கள் வேறு வழி பார்த்தார்கள். வெர்னர் கோஹ் ஜெர்மன்காரர். 1997-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆஹனில் பேசியபோது சொன்ன யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. அமெரிக்கர்கள் எழுதினால் வெளியே அனுப்ப முடியாது, ஐரோப்பியர்கள் எழுதினால் அமெரிக்கா இறக்குமதி செய்துகொள்ளலாம். டிஃபி-ஹெல்மன் பேட்டன்ட் அந்த வருடம்தான் முடிந்திருந்தது. அந்த வழியில் வரும் எல்கமால் முறையை வைத்து, ஆர்எஸ்ஏவையும் ஐடியாவையும் தொடாமல் எழுதினார். முதலில் வைத்த பெயர் ஜி10, கடிதத் தொடர்பின் ரகசியத்தைக் காக்கும் ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 10-ஆம் பிரிவை நினைத்து. பிறகு ஜிஎன்யூபிஜி ஆனது, 1999 செப்டம்பரில் 1.0 வந்தது. விலை என்ன? பழைய பிஜிபி சாவிகள் எல்லாம் ஆர்எஸ்ஏ சாவிகள். அவற்றை வைத்திருந்தவர்களோடு இது பேசாது.

இணையப் பக்கங்களின் பூட்டான எஸ்எஸ்எல்லுக்கு ஆஸ்திரேலியாவில் எழுதிய எஸ்எஸ்எல்ஈயே, அதிலிருந்து ஓபன்எஸ்எஸ்எல். கனடாவை மையமாக வைத்த ஓபன்பிஎஸ்டி குழுவிலிருந்து ஓபன்எஸ்எஸ்ஹெச். அமெரிக்காவின் மறையாக்கத் திறமையை உள்ளேயே வைத்துக்கொள்ளப் போட்ட சட்டம், அந்தத் தொழிலை வெளியூரில் வளர்த்துவிட்டது.

சட்டத்தை மதித்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அமெரிக்காவில் இந்த மென்பொருட்களைப் பயன்படுத்த ஆர்எஸ்ஏரெஃப்போடு சேர்த்துக் கம்பைல் செய்ய வேண்டும். 1999 டிசம்பரில் அந்த லைப்ரரியில் பஃபர் ஓவர்ஃப்ளோ ஓட்டை வெளிவந்தது. அதைச் சேர்க்காமல், சொந்த ஆர்எஸ்ஏ கோடோடு கம்பைல் செய்திருந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு அந்தப் பாதிப்பு இல்லை. பேட்டன்ட்டுக்குப் பயந்து ஒழுங்காக நடந்தவன் வீட்டுக் கதவுதான் திறந்து கிடந்தது.

40 பிட் என்ற நோஞ்சான்

நெட்ஸ்கேப் பிரவுசரும் இரண்டு விதமாக வந்தது. உள்நாட்டுக்கு 128 பிட், ஏற்றுமதிக்கு 40 பிட். ஏற்றுமதிச் சரக்கில் ஆர்எஸ்ஏ சாவி 512 பிட்டைத் தாண்டக்கூடாது. நமக்கெல்லாம் வந்தது இந்த நோஞ்சான்தான். 1995 ஆகஸ்டில் பிரான்சில் டேமியன் டொலிகே சுமார் 120 கம்ப்யூட்டர்களை வைத்து 8 நாளில் 40 பிட் செய்தி ஒன்றை உடைத்துக் காட்டினார்.

இந்த 40 இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. இணைய சேவை நிறுவனங்களுக்கான நம்முடைய லைசென்ஸ் நிபந்தனையில், 'ஆர்எஸ்ஏவில் அல்லது அதற்குச் சமமான முறைகளில்' 40 பிட் வரை அனுமதியின்றிப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் என்றால் அனுமதி வாங்கி சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது. இதைப் படித்தபோது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 40 பிட் என்பது சமச்சீர் சைஃபருக்கான கணக்கு. ஆர்எஸ்ஏவில் 40 பிட் என்றால் 13 இலக்கத்துக்கு மேல் போகாத ஒரு எண். அதைப் பகாக்காரணிகளாகப் பிரிக்க இன்றைய செல்போனுக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். அமெரிக்க விதியின் எண்ணை எடுத்து, தப்பான இடத்தில் ஒட்டிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இதே நாட்டில் ரிசர்வ் வங்கி 2001-இல் இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் எஸ்எஸ்எல் வேண்டும் என்றது. ஒரு விதியைக் கடைப்பிடித்தால் இன்னொன்றுக்கு அனுமதி தேடி அலைய வேண்டும்.

சட்டம் போன பிறகு

2000-ஆம் வருடம் இரண்டு முடிச்சும் அவிழ்ந்தன. ஜனவரியில் அமெரிக்கா விதியைத் தளர்த்தியது. பொதுவில் கிடைக்கும் சோர்ஸ் கோடுக்கு அரசுக்குத் தகவல் சொன்னால் போதும். செப்டம்பர் 6 அன்று, பேட்டன்ட் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஆர்எஸ்ஏ நிறுவனமே அதைப் பொதுவுக்கு விட்டுவிட்டது. 2002-இல் டெபியன் மறையாக்க பேக்கேஜ்களை முதன்மைத் தொகுப்பிலேயே சேர்த்தது. என் கோப்பில் இருந்த வரிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 2015 மார்ச்சில் ஃப்ரீக் என்ற தாக்குதல் வெளிவந்தது. சட்டம் போய் 15 வருடம் ஆகியும், ஏராளமான சர்வர்களில் அந்த 512 பிட் ஏற்றுமதி முறை அப்படியே இருந்தது. யாரும் கேட்பதில்லை, அதனால் யாரும் எடுக்கவில்லை. நடுவில் உட்கார்ந்தவன் 'எனக்கு ஏற்றுமதிச் சரக்கு கொடு' என்று கேட்டால் சர்வர் கொடுத்துவிடும். ஆப்பிள், ஆண்ட்ராய்டு, விண்டோஸ் பிரவுசர்களில் இருந்த பிழையால் அவையும் வாங்கிக்கொண்டன. அந்தச் சாவியை உடைக்க வாடகைக் கம்ப்யூட்டரில் சில மணி நேரம், சுமார் 100 டாலர். இரண்டு மாதத்தில் லாக்ஜாம் என்று இன்னொன்று வந்தது, இந்த முறை டிஃபி-ஹெல்மனின் ஏற்றுமதி வடிவத்தில். வெளிநாட்டுக்காரனுக்கென்று பலவீனமாகச் செய்த பூட்டு, கடைசியில் அமெரிக்க சர்வர்களிலும் மாட்டியிருந்தது.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான். பேட்டன்ட்டுக்குத் தேதி உண்டு, முடிந்துவிடும். விதிமுறையை ஒரு அறிவிப்பில் மாற்றிவிடலாம். அவற்றுக்காக எழுதிய கோடுக்கு முடிவுத் தேதி கிடையாது. அது யாராவது ஒருவர் உட்கார்ந்து, இது ஏன் இருக்கிறது என்று கேட்கும்வரை இருக்கும். 40 பிட்டால் எந்த உளவாளியும் மாட்டியதாகத் தெரியவில்லை. அவனுக்கு ஒரு டி-ஷர்ட் போதும். மாட்டியது பிரவுசரை நம்பிக் கார்டு எண்ணைத் தட்டியவர்கள்.

இப்போதெல்லாம் வேலையில் 'பழைய கிளையன்ட்டுகளுக்காக' என்று ஒரு ஆப்ஷனைப் பார்த்தால், அந்தப் பழைய கிளையன்ட் இன்னும் உயிரோடு இருக்கிறானா என்று ஒருமுறை விசாரித்துவிடுகிறேன். சட்டத்துக்காக எதையாவது சேர்க்க வேண்டி வந்தால், எந்தச் சட்டம், எந்த வருடம், எப்போது எடுக்கலாம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதிவிடுகிறேன். என் பழைய கோப்பில் 'நான்-யூஎஸ்' வரிக்கு மேலே அப்படி ஒரு குறிப்பு இருந்திருந்தால், அது என்னவென்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருடம் ஆகியிருக்காது.